சைக்கிளில் வரும் பூதங்கள்: கிரீன் பே பயிற்சி முகாம் நாட்குறிப்பு

ஜூலை 23

விஸ்கான்சின் மாநிலத்து கிரீன் பே ஊரில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான் வாழ்கிறார்கள். ஊரில் இருக்கும் லாம்போ ஃபீல்டு ஸ்டேடியத்தில் 81,441 பேர் உட்காரலாம். பேக்கர்ஸ் அணி 1919 முதல் இங்கே இருக்கிறது. அதற்குத் தனி முதலாளி கிடையாது, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள்தான் சொந்தக்காரர்கள். கடைசியாகப் பங்கு விற்றபோது ஒன்று 300 டாலர். லாபத்தில் பங்கு வராது, வெளியே விற்கவும் முடியாது. காலை உணவுக் கடைச் சுவரில் கல்யாணப் போட்டோ மாதிரி அந்தப் பங்குப் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

இது ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கக் கால்பந்து, அணி ஆடுவது என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில். ஜூலை இறுதியில் முகாம் தொடங்கும்போது ஒவ்வோர் அணியும் 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம், ஆகஸ்ட் இறுதியில் 53 ஆகக் குறைக்க வேண்டும். அந்தத் 90 பேரில் ஏறக்குறைய இருபது பேர் கல்லூரியிலிருந்து நேரே வந்த புதுமுகங்கள், இங்கத்திய பேச்சில் ரூக்கிகள். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும், ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டின் ஏழு சுற்றுகளில் எடுக்கப்பட்டவர்கள் பாதி. யாரும் எடுக்காமல் விட்டு, பிறகு ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்கள் மீதி. முதல் மூன்று சுற்றில் வந்தவனைப் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். ஏழாம் சுற்றுக்காரனும் சுற்றே இல்லாதவனும் எப்படித் தேறுகிறார்கள் என்பதுதான் முகாமில் பார்க்க வேண்டிய சமாச்சாரம்.

ஸ்டேடியத்துக்கு எதிரே, ஒனெய்டா தெருவைத் தாண்டினால் ரே நிட்ச்கி ஃபீல்டு. கட்டணம் இல்லை, முதலில் வருபவருக்கு முதல் இடம். ஸ்டேடியத்திலிருந்து இங்கே வீரர்கள் ஊர்க் குழந்தைகளின் சைக்கிளில் வருவார்கள். 1950களின் கடைசியிலிருந்து இருக்கும் வழக்கம் இது. நூற்று நாற்பது கிலோ ஆள் முட்டி காதுக்கு இடிக்க, இளஞ்சிவப்பு ரிப்பன் தொங்கும் சின்னச் சைக்கிளை மிதிக்கிறார். சைக்கிளின் சொந்தக்காரி அவருடைய ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடுகிறாள். ஒரு சைக்கிளின் செயின் கழன்றது. ஆள் இறங்கி, அதை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

இன்று ஒரு சறுக்கல். 90 பேர் இருக்கும்போது எண்கள் போதாது, அதனால் ஒரே எண்ணைத் தாக்கும் பக்கத்தில் ஒருவரும் தடுக்கும் பக்கத்தில் ஒருவரும் போட்டிருப்பார்கள். கையிலிருந்த பட்டியலோ போன வாரம் அச்சடித்தது. முக்கால் மணி நேரக் குறிப்பு முழுக்க வேறொருவன் பெயரில் ஏறிவிட்டது. பட்டியலைக் காலையில் இறக்கி, நிறம், எண், ஆடும் இடம் மூன்றையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். சிவப்புச் சட்டை என்றால் குவார்ட்டர்பேக், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், அவரைத் தொடக்கூடாது. முகத்தை வைத்து அடையாளம் காணலாம் என்ற எண்ணமே வேண்டாம். தலைக்காயத்தைக் குறைக்க ஹெல்மெட்டின் மேல் கார்டியன் கேப் என்று மெத்து உறை ஒன்றைப் பெரும்பாலானவர்கள் மாட்டுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் பலாப்பழங்கள் ஓடுகிற மாதிரி இருக்கிறது.

ஜூலை 24

வெயில் 30 டிகிரி. எண்ணிக்கை பெரிதில்லை, ஆனால் வளைகுடாப் பக்கத்துப் புழுக்கம் சென்னையை நினைவூட்டும். அலுமினிய பெஞ்சு பத்தரைக்குள் தோசைக்கல்லாகிவிடுகிறது, துண்டு ஒன்று கட்டாயம். குறுக்கே போகிறவர்கள் எல்லாரும் “ஓப்!” என்கிறார்கள். மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடுங்க, உங்க காலை மிதிச்சுட்டேன் ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரே சத்தம்தான்.

தொடக்க நாட்களில் தோள்கவசம் கிடையாது. இடிக்காத ஆட்டத்தில் வேகமான பையன்கள் எல்லாரும் நட்சத்திரங்களாகத் தெரிவார்கள். இந்த நாட்களில் ரிசீவர் (எறிகிற பந்தை ஓடிப் பிடிப்பவர்) பிடித்த அற்புதமான பந்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்க வேண்டும். எதிரே நிற்பவன் மறிக்கவே இல்லையே.

ஆனால் கவசம் இல்லாமலே தெரிகிற ஒன்று உண்டு: கல்லூரி விதியை உடம்பு இன்னும் மறக்கவில்லை என்பது. கல்லூரியில் பந்தைப் பிடிக்கும்போது ஒரு கால் கோட்டுக்குள் இருந்தால் போதும். இங்கே இரண்டும் வேண்டும். ஓரக்கோட்டுப் பயிற்சியில் பழைய ஆட்கள் பந்து கைக்கு வருமுன்னே காலைச் சிறிதாக்கி டக் டக் என்று இரண்டு விரல்நுனிகளை வைத்துவிட்டு விழுகிறார்கள். ரூக்கி பிடித்துவிட்டு ஒரு காலில் பெருமையாக வெளியே பாய்கிறான், பயிற்சியாளர் கையை விரிக்கிறார். அதே மாதிரி, கல்லூரியில் பந்தோடு தரையில் விழுந்தாலே ஆட்டம் நின்றுவிடும். இங்கே எதிராளி தொட்டிருக்க வேண்டும், தானாக வழுக்கி விழுந்தவன் எழுந்து ஓடலாம். எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றுவதற்கே சிலருக்கு வாரக்கணக்கில் ஆகிறது.

ரிசீவரிடம் பார்க்க வேண்டியது ஓடும் தூரத்தின் சுத்தம். 12 கெஜத்தில் திரும்ப வேண்டிய ரூட்டை, அதாவது முன்கூட்டியே வகுத்த ஓட்டப் பாதையை, 10 கெஜத்தில் முடித்தால் பார்வைக்கு விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் குவார்ட்டர்பேக் ஐந்து எட்டு பின்வாங்கி எறிகிற நேரம் அந்த 12 கெஜத்துக்கு அளந்தது. இரண்டு கெஜம் குறைந்தால் பந்து அவன் தலைக்கு மேலே போகும், கூட்டம் குவார்ட்டர்பேக்கைத் திட்டும். பைனாகுலரைப் பந்தின் மேல் வைக்காமல் அவன் இடுப்பின் மேல் வைத்து, எந்தக் கோட்டில் திரும்புகிறான் என்று எண்ணினால் யார் பிழை என்பது தெரியும். இன்னொன்று, பிடிக்கும் கை. உள்ளங்கையை விரித்து உடம்புக்கு வெளியே பிடிப்பவன் ஒரு ரகம், நெஞ்சில் வாங்கி அணைப்பவன் இன்னொரு ரகம். நெஞ்சில் வாங்குபவனிடமிருந்து பின்னால் நிற்பவன் பந்தைத் தட்டிவிடுவான், கவசத்தில் பட்டால் தானாகவே துள்ளிப் போகும்.

மதியம் ஒரு பை சீஸ் கர்ட், 6 டாலர். பாலாடைக்கட்டியாக அழுத்துமுன் எடுக்கும் உருண்டைத் துண்டுகள். அன்றன்றைக்குச் செய்ததென்றால் பல்லில் கீச் கீச் என்று சத்தம் போடும், மறுநாள் வாயடைத்துவிடும். பொரித்தது வேண்டாம், பச்சையாகவே நல்லது.

ஜூலை 25

கடைசிச் சுற்று ரூக்கிக்குச் சோறு போடுவது சிறப்புக் குழு: உதைக்கும்போதும் உதையை எதிர்கொள்ளும்போதும் இறங்குகிற கூட்டம். அந்தப் பயிற்சி தொடங்கினால் பெஞ்சில் பாதிப் பேர் எழுந்து பிராட்வர்ஸ்ட் என்ற இறைச்சி சாசேஜ் வாங்கப் போகிறார்கள். உட்கார்ந்திருந்தால் லாபம்.

கைப்பேசி ஸ்டாப்வாட்ச் போதும். பன்ட் என்பது கையில் வாங்கிக் காலால் உயர உதைப்பது. காலில் படும் நொடி ஒரு அழுத்து, எதிராளி பிடிக்கும் நொடி இன்னொரு அழுத்து. 45 கெஜம் போகும் உதை ஏறக்குறைய 4.5 நொடி காற்றில் நிற்க வேண்டும். ஏன் அந்த எண்? இரு ஓரங்களிலிருந்து பாயும் ‘கன்னர்’ 40 கெஜத்தை ஓட எடுக்கும் நேரமும் அதுவே. பந்தும் ஆளும் ஒன்றாக வந்து சேர வேண்டும். உதை 50 கெஜம் பறந்தும் 4 நொடியில் விழுந்தால் அது நல்ல உதை இல்லை. பிடித்தவனுக்கு ஓட இடம் கிடைத்துவிடும். ஸ்னாப் செய்பவனிடமிருந்து, அதாவது பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் அனுப்புபவனிடமிருந்து, பன்டர் 15 கெஜம் தள்ளி நிற்பார், பந்து 0.8 நொடிக்குள் கைக்கு வர வேண்டும். கோல் உதையில் ஸ்னாப் முதல் உதை வரை 1.3 நொடி. இதில் கால் நொடி கூடினால் தடுப்பவன் கை உள்ளே வந்துவிடும்.

கன்னராக முயலும் ரூக்கியை எதிரணி இரண்டு பேர் வைத்து மறிக்கும். கல்லூரியில் நட்சத்திரமாக இருந்த ரிசீவர் இந்த வேலையை வாழ்நாளில் செய்ததே இல்லை. முதல் முயற்சியில் இருவரும் அவனைப் பாய்க்குள் சுருட்டிய மாதிரி ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அடுத்த முறை அவன் என்ன மாற்றுகிறான் என்பதைத்தான் குறிக்க வேண்டும். ஒருவன் மூன்று முறையும் ஒரே பக்கம் ஓடினான். வேறொருவன், வேகம் குறைந்தவன், இரண்டாம் முறை உள்ளே ஒரு போலி அடி வைத்து, மறிப்பவனின் கையை அடித்து விலக்கி வெளியே பாய்ந்தான். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த சுற்றிலும் அவனையே நிறுத்தினார். அந்த நிறுத்தம் ஒரு மதிப்பெண்.

ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதையான கிக்ஆஃப் 2024இல் தலைகீழாக மாறியது. உதைப்பவரைத் தவிர அவர் அணியின் மற்றவர்கள் எதிரணியின் 40 கெஜக் கோட்டில் நிற்கிறார்கள், தடுப்பவர்கள் 30க்கும் 35க்கும் நடுவே. பந்து பிடிபடும்வரை அல்லது தரையில் படும்வரை இவர்கள் யாரும் அசையக்கூடாது. 2025 முதல், பந்து நேரே பறந்துபோய் கோல் கோட்டுக்கு அப்பால் உள்ள கடைசிக் கட்டத்துக்குள் விழுந்தால் எதிரணிக்கு 35 கெஜக் கோட்டில் பந்து. அவ்வளவு இடத்தைச் சும்மா விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது, ஆகவே திருப்பி ஓடுவது கூடிவிட்டது. நீண்ட தூரம் ஓடிவந்து முட்டுகிறவனைவிட, பத்து கெஜத்துக்குள் காலைத் திருப்பி எதிராளியைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவனுக்கு இப்போது மதிப்பு.

இன்று வெள்ளிக்கிழமை. விஸ்கான்சினில் வெள்ளி இரவு மீன் பொரியல் ஒரு விரதம் மாதிரி. பெர்ச் மீனை பீர் மாவில் தோய்த்துப் பொரித்து, உருளைக்கிழங்கு அடை, கோஸ் சாலட், ரை ரொட்டியோடு 18 டாலர். உப்பு மட்டும்தான், காரம் கேட்டால் மிளகுத்தூள் புட்டியைப் பயபக்தியோடு கொண்டுவந்து வைக்கிறார்கள். ஒரு மணி நேரம் வரிசை. யாரும் முண்டவில்லை, ஆனால் முன்னே நின்ற குடும்பம் நான்கு தலைமுறை வரலாற்றையும் சொல்லி முடித்தது.

ஜூலை 27

ஓய்வு நாள். சர்ச் வளாகம் ஒன்றில் பூயா. கோழி, மாட்டிறைச்சி, உருளை, கேரட், கோஸ், செலரி எல்லாவற்றையும் பெரிய அண்டாவில் இரவெல்லாம் விறகில் வேகவைத்து, படகுத் துடுப்பு மாதிரி ஒன்றால் கிண்டுகிறார்கள். கூழும் இல்லை, குழம்பும் இல்லை. ஒரு கிண்ணம் 5 டாலர். பாத்திரம் கொண்டுவந்தவர்களுக்கு லிட்டர் கணக்கில். பத்து மணிக்கே தீர்ந்துவிடும் என்று ஓட்டல்காரர் எச்சரித்தது சரிதான், ஒன்பதே முக்காலுக்கு அடி அண்டாதான் கிடைத்தது.

அணியின் அருங்காட்சியகத்தில் ஒரு பெயரை மட்டும் நின்று பார்க்கலாம். டொனால்ட் டிரைவர், 1999, ஏழாம் சுற்று, 213ஆவது ஆள். 10,137 கெஜம் பிடித்து இந்த அணியின் எல்லாக் கால ரிசீவர்களிலும் முதலிடம். இன்னும் பழைய கதை வில்லி வுட், 1960இல் டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை, இன்று புகழ்பெற்ற ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். கடைசிச் சுற்றுக்காரர்களை இந்த ஊர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்குக் காரணம் புரிகிறது.

ஜூலை 28

முதல் தோள்கவச நாள். முகாம் முழுவதற்கும் கவசப் பயிற்சி 16தான் என்று வீரர் சங்க ஒப்பந்தம் வரம்பு வைத்திருக்கிறது. அதனால் பெஞ்சு ஏழரைக்கே நிரம்பிவிட்டது. பக்கத்து இருக்கையில் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். இரண்டாம் நிமிடமே சன்ஸ்கிரீன் புட்டியை நீட்டி, “கழுத்துக்குப் பின்னால போடுங்க, எல்லாரும் அதை மறந்துடுறாங்க” என்றார். மடியில் கட்டம் போட்ட நோட்டு.

கூட்டம் காத்திருந்தது ஒன்றுக்கு ஒன்று பயிற்சிக்கு. பந்தைக் காக்கும் லைன்மேன் ஒருவன், பாய்ந்து வருபவன் ஒருவன், பின்னால் குவார்ட்டர்பேக் இடத்தில் ஒரு பொம்மை. பெரியவர் ஜெயித்தவனுக்கு ஒரு கோடு, தோற்றவனுக்கு ஒரு வட்டம் போட்டார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்களும் இதே கணக்கை எழுதுகிறார்கள். அந்தக் கணக்கை அப்படியே நம்பினால் ஏமாறுவோம். இது பாய்பவனுக்குச் சாதகமான பயிற்சி. நிஜ ஆட்டத்தில் காப்பவனுக்குப் பக்கத்தில் துணை உண்டு, இங்கே இருபுறமும் திறந்த வெளி. தவிர, பந்து பெரும்பாலும் மூன்று நொடிக்குள் கையை விட்டுப் போய்விடும். நான்காம் நொடியில் ஜெயித்தவன் ஆட்டத்தில் தோற்றவன்தான். ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று’ என்று வாய்க்குள் சொல்லி, அதற்குள் நடந்ததை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காப்பவனிடம் பார்க்கும் வரிசை: கால், இடுப்பு, கை, தலை. முதல் பின்னடி எவ்வளவு தூரம், எந்தக் கோணம்? இடுப்பைச் சீக்கிரமே பக்கவாட்டில் திறந்துவிட்டால் உள்பக்கம் கதவு திறந்த மாதிரி. கை உள்ளே, முழங்கை விலாவோடு, கட்டைவிரல் மேல்நோக்கி, எதிராளியின் நெஞ்சுத் தட்டில் பட வேண்டும். கை வெளியே போய்த் தோளைப் பிடித்தால் நடுவர் குற்றம் என்று கொடி வீசுவார். ரூக்கிகளின் பொது வியாதி இடுப்பில் வளைவது. முட்டியை மடக்காமல் தலையை முன்னே நீட்டுவார்கள். தலை முன்னே போனதும் பாதம் செத்துவிடும், பாய்பவன் கையைத் தட்டிவிட்டு ஒதுங்கினால் இவன் தானாகவே குப்புற விழுவான்.

இன்று ஒரு புதுமுகம் அப்படி இரண்டு முறை விழுந்தான். மூன்றாவது முறை எதிராளி தந்திரத்தை விட்டு நேரே நெஞ்சில் மோதினான். காளை மாதிரி மோதும் அந்தப் பாய்ச்சலில் பையன் ஒன்று, இரண்டு, மூன்று கெஜம் பின்னே தள்ளப்பட்டு, பிட்டத்தைக் கீழே இறக்கி, குதிகாலைப் புல்லில் ஊன்றி நின்றுவிட்டான். பெரியவர் வட்டம் போட்டார். என் கணக்கில் முகாமிலேயே நல்ல வட்டம் அது. கையும் தலையும் சொல்லிக்கொடுத்தால் வரும். மோதலைத் தாங்கி நிற்கும் அடிப்பாரம் அவ்வளவு லேசில் வராது.

பாய்பவர்களில் எத்தனை வித்தை தெரியும் என்று பாருங்கள். முதல் வித்தை மறிக்கப்பட்டதும் இரண்டாவதுக்குப் போகிறானா, அல்லது அணைத்துக்கொண்டு தள்ளிக்கொண்டே நிற்கிறானா? கல்லூரியில் வேகத்தாலேயே ஜெயித்தவனுக்கு இரண்டாவது என்று ஒன்று இருந்ததே இல்லை.

ஜூலை 29

காலையில் மேற்கே கறுத்தது. மின்னல் என்றால் பயிற்சி டான் ஹட்சன் சென்டர் என்ற மூடிய அரங்குக்குப் போய்விடும், பொதுமக்களுக்கு உள்ளே இடமில்லை. வந்தவர்கள் சைக்கிளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நல்லவேளை, தூறலோடு நின்றது. ஆனால் ஈரப் பந்து ரூக்கி ரிசீவர்களைக் காட்டிக்கொடுத்தது.

முகாம்களுக்கு லீக் நடுவர்கள் வந்து விதி சொல்லித் தருவது வழக்கம், இன்று கொடிகள் நிறையப் பறந்தன. ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக் ரூக்கிக்குத்தான் அதிக அடி. கல்லூரியில் பந்து எறியப்படும்வரை ரிசீவரை இடித்து மறிக்கலாம். இங்கே ஐந்து கெஜத்துக்கு அப்பால் தொட்டால் குற்றம்: ஐந்து கெஜத் தண்டனை, எதிரணிக்கு முயற்சிகளை முதலிலிருந்து தொடங்கும் வாய்ப்பும் கிடைக்கும். பந்து காற்றில் இருக்கும்போது இடைமறித்தால் கல்லூரியில் தண்டனை 15 கெஜத்துக்கு மேல் போகாது. இங்கே குற்றம் நடந்த இடத்திலேயே பந்து, அது 40 கெஜமாகவும் இருக்கலாம். லைன்மேன்களுக்கும் உண்டு: பாஸ் எறியும்போது கல்லூரியில் மூன்று கெஜம் முன்னே போகலாம், இங்கே ஒன்றுதான். பழைய பழக்கத்தில் இரண்டாம் கெஜத்தில் ஆளைத் தேடிப் போனவன், பந்து பறந்ததும் கொடியைப் பார்த்துத் திகைத்து நிற்கிறான்.

மூன்றாம் வரிசைக் குவார்ட்டர்பேக்கிடம் எறியும் பலத்தைப் பார்க்க வேண்டாம். கூடி நின்று பேசும் வட்டத்திலிருந்து எப்போது கலைகிறார்கள் என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஆட்டங்களுக்கு (பந்தை ஒவ்வொரு முறை ஆடுவதும் ஓர் ஆட்டம்) நடுவே 40 நொடி, அதில் 15 மீதி இருக்கும்போது பயிற்சியாளர் பேசும் ஹெல்மெட் வானொலி நின்றுவிடும். நீண்ட ஆட்ட வாக்கியத்தைக் கேட்டு, திருப்பிச் சொல்லி, ஆட்களை நிறுத்தி, எதிரணியைப் படித்து முடிக்க வேண்டும். கல்லூரியில் ஓரத்தில் காட்டிய சைகையைப் பார்த்தே ஆடிப் பழகியவன் வாக்கியத்தின் நடுவில் தடுமாறுவான். பத்து பேர் தலை அவன் பக்கம் திரும்பினால் அதுதான் அடையாளம்.

எல்லாவற்றையும்விட எளிய கணக்கு ஒன்று உண்டு: எத்தனை ஆட்டத்தில் நிற்கிறான், யாரோடு நிற்கிறான். மூன்றாம் அணியோடு நாலு ஆட்டம் நின்றவன் வியாழனன்று இரண்டாம் அணியோடு பத்து நின்றால், பயிற்சியாளர் பத்திரிகையாளரிடம் சொல்லாததைச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 2

லாம்போவுக்குள் ஃபேமிலி நைட், கூட்டத்தின் முன்னே இரவில் நடக்கும் பயிற்சி. சுற்றுப்புற வீடுகளின் புல்தரையில் கார் நிறுத்த 10 டாலர், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பாட்டி வாங்கிப் போட்டார். முழுக் கூட்டத்தின் முன்னே, விளக்கொளியில், ரூக்கிகளுக்கு இதுவே முதல் தடவை. பகலில் பந்தை நழுவவிடாதவர்கள் சிலர் உயரப் பன்ட்டை விளக்குக்கு நடுவில் தொலைத்தார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய், இங்கே நேரம் மதியம் மூன்று மணிக்குள் 53 பேர். நான்கு ஆண்டு லீக்கில் ஆடி முடிக்காதவனை விடுவித்தால், மறுநாள் காலை 11 மணி வரை மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் அவனைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதனால்தான் ஆட்டத்தில் முந்தும் பழைய ஆளை விட்டுவிட்டு, தயாராகாத ரூக்கியை வைத்துக்கொள்வதும் நடக்கிறது. யாரும் கேட்காதவன் 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவுக்குத் திரும்பலாம். 2025 கணக்கில் அங்கே வாரம் 13,000 டாலர், 53இல் இருக்கும் ரூக்கிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 8,40,000.

வாணவேடிக்கை முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம். காகித ஆலைப் பெரியவர் வாசலில் நின்றிருந்தார். நோட்டைத் திறந்து, விழுந்து எழுந்த அந்த லைன்மேன் பக்கத்தைக் காட்டினார். மூன்றாவது வட்டத்தை அழித்துக் கோடாக்கியிருந்தார். “வீட்டுக்குப் போய் யோசிச்சேன்” என்றார்.